சக்கரவேக உணர்கருவியும் துருவும்: பழைய ஜீப் இன வண்டிகளில் பிரேக் கோளாறு

வட அமெரிக்காவில் பேரேரிகளைச் சூழ்ந்த மாநிலங்களில் 1990-களின் இறுதியிலும் 2000-களின் தொடக்கத்திலும் விற்பனையான கனத்த ஜீப் இன வண்டிகள் சிலவற்றில், அவை சில குளிர்காலங்களைக் கண்ட பின்னர், விசித்திரமான கோளாறு ஒன்று தலைகாட்டிற்று. வண்டி நெடுஞ்சாலையில் நன்றாகவே ஓடும். வேகமாகச் செல்லும்போது பிரேக்கை மிதித்தால் ஒழுங்காகவே வேகம் தணியும். ஆனால் நாற்சந்தியில் நிற்க வேண்டி, ஏறக்குறைய நின்றேவிட்ட நிலையில், ஓட்டுநரின் காலடியில் பிரேக் மிதி திடீரெனத் துடிக்கும்; முன்புறத்திலிருந்து உறுமல் போன்றதோர் ஓசை எழும்; நிற்க வேண்டிய வண்டி நில்லாமல் மேலும் ஓரிரு மீட்டர் உருண்டு செல்லும். சாலை முற்றிலும் உலர்ந்திருக்கும் வெயில் நாளிலும் இவ்வாறு நிகழ்ந்தது. எச்சரிக்கை விளக்கோ எரிவதில்லை.

இத்தகைய வண்டியைப் பணிமனைக்குக் கொண்டு சென்றால், பிரேக் பட்டைகள் தேயாமல் இருப்பதும், பிரேக் எண்ணெய் குறையாமல் இருப்பதும், குழாய்களில் கசிவு இல்லாததும் தெரியவரும். குறை இருந்தது வேறோர் இடத்தில். முன்சக்கரத்தின் ஹப்பில் பொருத்தப்பட்டிருக்கும், கட்டைவிரல் அளவே உள்ள ஓர் உணர்கருவி, அதன் இருக்கையினின்றும் ஒரு மில்லிமீட்டருக்கும் குறைவாகவே மேலே எழும்பியிருந்தது. அதை எழுப்பியது துரு.

பணிமனைகளில் சென்ஸார் என வழங்கும் இக்கருவி முற்றிலும் கெட்டுப்போனால் விளையும் தீங்கு சிறிது. பாதி கெட்டால் விளையும் தீங்கு பெரிது. பொதுவாக யந்திரங்களில் காணும் முறைக்கு இது நேர்மாறானது. ஆதலால் இதன் காரணத்தைச் சற்று விரிவாக ஆராய்வது, வண்டிகளைப் பராமரிக்கும் களப் பணியாளர்க்கும், மின்காந்தத் தூண்டலைப் போதிக்கும் ஆசிரியர்க்கும் ஒருங்கே பயன்படும்.

சக்கரம் பூட்டிக்கொள்வதும் அதைத் தடுப்பதும்

உருளும் சக்கரத்தின் டயர், தரையைத் தொடும் இடத்தில் தரையைப் பற்றிக்கொண்டே செல்கிறது. பிரேக் பிடிக்கும்போது சக்கரம், வண்டியின் வேகத்துக்கு ஏற்ற அளவைவிடச் சற்றுக் குறைவாகச் சுழல்கிறது. இக்குறைவை வழுக்கு விகிதம் எனலாம். தார்ச்சாலையில் இவ்விகிதம் ஏறத்தாழ 10 முதல் 30 சதவீதம் வரை இருக்கும்போது டயரின் பிடிப்பு உச்ச நிலையில் இருக்கும். மிதியை மேலும் அழுத்தினால் சக்கரம் அறவே சுழலாமல் பூட்டிக்கொள்ளும். டயர் தரைமீது தேய்ந்தபடி வழுக்கும். அப்போது பிடிப்புக் குறைவதோடு, ஸ்டியரிங்கை எப்பக்கம் திருப்பினாலும் வண்டி தன் போக்கிலேயே செல்லும். உருளும் சக்கரம் மட்டுமே திசை திரும்ப வல்லது. பின்சக்கரங்கள் முதலில் பூட்டிக்கொண்டாலோ வண்டி தன்னைத்தானே சுற்றிக்கொள்ளும். உயரம் மிகுந்த ஜீப் இன வண்டிகளுக்கு இது மிகவும் அபாயகரமானது.

இதைத் தடுக்கும் சாதனம் முதலில் விமானங்களுக்காகவே தோன்றிற்று. 1950-களின் தொடக்கத்தில் டன்லப் நிறுவனம் வெளியிட்ட மாக்ஸரெட் என்னும் சாதனம் விமானச் சக்கரங்களில் பயன்பட்டது. 1966-இல் ஜென்ஸன் எஃப்.எஃப். என்னும் ஆங்கிலேயக் காரில் அதுவே இடம்பெற்றது. மின்னணு முறையில் நான்கு சக்கரங்களையும் கவனிக்கும் அமைப்பை 1978-இல் பாஷ் நிறுவனம் உருவாக்க, மெர்சிடஸ் பென்ஸ் நிறுவனம் தன் பெரிய கார்களில் அதைப் பொருத்தியது. ஏ.பி.எஸ். என்று இன்று யாவரும் வழங்குவது இதுவே. அமெரிக்காவின் சிறு லாரிகளிலும் ஜீப் இன வண்டிகளிலும் 1980-களின் பிற்பகுதியில் இது முதலில் பின்சக்கரங்களுக்கு மட்டும் வந்து, பின்னரே நான்கு சக்கரங்களுக்கும் பரவிற்று.

அமைப்பு மூன்று உறுப்புகளை உடையது. சக்கரத்தின் வேகத்தை அறிவிக்கும் உணர்கருவி முதலாவது. அறிவிப்புகளை ஒன்றோடொன்று ஒப்பிட்டு முடிவு செய்யும் மின்னணுக் கட்டுப்பாட்டுப் பெட்டி இரண்டாவது. பிரேக் எண்ணெயின் அழுத்தத்தைத் தடுத்தும், தணித்தும், மீண்டும் கூட்டியும் கொடுக்கும் மின்காந்த வால்வுகள் மூன்றாவது. ஒரு சக்கரம் மற்றவற்றைக் காட்டிலும் மிக விரைவாக வேகம் இழந்தால், அது பூட்டிக்கொள்ளப் போகிறது என்று பெட்டி முடிவு செய்கிறது. உடனே அச்சக்கரத்துக்குச் செல்லும் அழுத்தம் தணிக்கப்படுகிறது. ஒரு வினாடிக்குள் இது பன்முறை நிகழும். மிதியின் துடிப்புக்கும் உறுமல் ஓசைக்கும் காரணம் இந்த வால்வுகளும் அவற்றோடு இயங்கும் சிறு பம்பும்தாம்.

தளர்ந்த சரளையிலும் மணலிலும் பூட்டிக்கொண்ட சக்கரம் தனக்கு முன்னே மண்ணைக் குவித்து, அதையே முட்டுக்கட்டையாக்கிக்கொண்டு விரைவில் நின்றுவிடும். அத்தகைய தரையில் ஏ.பி.எஸ். உள்ள வண்டி சற்று அதிகத் தூரம் சென்றே நிற்கும். கிராமச் சாலைகளில் வண்டியோட்டும் பணியாளர் இதைப் பழுது என்று கருதலாகாது.

உணர்கருவி வேலை செய்யும் முறை

பழைய வண்டிகளில் உள்ள உணர்கருவி மிக எளியது. ஒரு நிலைக்காந்தம், அதன் முனையில் ஓர் இரும்புத் தண்டு, தண்டைச் சுற்றிப் பல ஆயிரம் சுற்றுகள் கொண்ட மெல்லிய செம்புக் கம்பிச் சுருள், இவ்வளவே. இதற்கு வெளியிலிருந்து மின்சாரம் வேண்டியதில்லை. தண்டின் முகப்புக்கு எதிரே, சக்கரத்தோடு சுழலும் இரும்புப் பல்வளையம் ஒன்று உண்டு. பல் ஒன்று தண்டின் எதிரே வரும்போது காந்தப்பாயம் பெருகும். பள்ளம் வரும்போது குறையும். பாயம் மாறும்போதெல்லாம் சுருளில் மின்னழுத்தம் தோன்றும். ஃபாரடே 1831-இல் கண்டறிந்த தூண்டல் விதிதான் இது. வீட்டுக்கு மின்சாரம் தரும் ஜெனரேட்டருக்கும் இந்தச் சிறு கருவிக்கும் தத்துவம் ஒன்றே.

ஓர் எடுத்துக்காட்டைக் கொள்வோர்க்கு இது தெளிவாகும். பல்வளையத்தில் 48 பற்கள் உள்ளன என்றும், டயரின் விட்டம் 75 சென்டிமீட்டர் என்றும் வைத்துக்கொள்ளலாம். சக்கரம் ஒருமுறை சுழன்றால் வண்டி ஏறக்குறைய 2.36 மீட்டர் செல்லும். வண்டி மணிக்கு 36 கிலோமீட்டர் வேகத்தில் செல்லும்போது, அதாவது வினாடிக்கு 10 மீட்டர் செல்லும்போது, வினாடிக்கு ஏறத்தாழ 200 துடிப்புகள் பெட்டியைச் சேரும். 6 கிலோமீட்டர் வேகத்தில் 34 துடிப்புகளே வரும். பெட்டி இத்துடிப்புகளை எண்ணியே வேகத்தை அறிகிறது.

வேகம் குறையும்போது துடிப்புகளின் எண்ணிக்கை மட்டுமன்றி அவற்றின் வலிமையும் குறைகிறது. பாயம் எவ்வளவு விரைவாக மாறுகிறதோ அவ்வளவே மின்னழுத்தம் தோன்றும் என்பது விதி. ஆகவே வேகம் பாதியானால் மின்னழுத்தமும் பாதியாகும். வண்டி ஊர்ந்து செல்லும் வேகத்தில் குறிப்பு மிகவும் மெலிந்து, ஓர் எல்லைக்குக் கீழே பெட்டியால் அதை அறியவே முடியாமற் போகும். இதை அமைத்தவர்கள் அறியாதவர்கள் அல்லர். அந்த எல்லையை அடையுமுன்பே ஏ.பி.எஸ். தன் வேலையை நிறுத்திக்கொள்ளும்படி பெட்டியை அமைத்திருக்கிறார்கள்.

தண்டின் முகப்புக்கும் பல்லுக்கும் இடையே உள்ள வெளி பெரும்பாலான வண்டிகளில் ஒரு மில்லிமீட்டர் அளவிலேயே இருக்கும். இவ்விடைவெளி சிறிது கூடினாலும் குறிப்பின் வலிமை பெரிதும் குறையும். ஒரு பல்லுக்கும் அடுத்த பல்லுக்கும் உள்ள தூரம் 5 மில்லிமீட்டரானால், இடைவெளி 1 மில்லிமீட்டரிலிருந்து 1.5 மில்லிமீட்டராகும்போதே குறிப்பு ஏறக்குறைய பாதியாகிவிடும். 2 மில்லிமீட்டரானால் மூன்றில் ஒரு பங்குக்கும் குறைவாக எஞ்சும்.

வகுப்பறையில் இதைக் காட்டுவதற்கு மோட்டார் வண்டி தேவையில்லை. பழைய சைக்கிள் ஒன்றைத் தலைகீழாக நிறுத்தி, சங்கிலியைக் கழற்றிவிட வேண்டும்; சங்கிலி பற்களை மூடியிருந்தால் சோதனை பலிக்காது. இரும்புத் திருகாணி ஒன்றின்மேல் எனாமல் பூசிய மெல்லிய செம்புக் கம்பியை ஆயிரம் சுற்றுகளுக்குக் குறையாமல் சுற்றி, திருகாணியின் தலையில் பழைய ஒலிபெருக்கியிலிருந்து எடுத்த காந்தத்தை ஒட்டிவைக்க வேண்டும். திருகாணியின் மறுமுனையைச் சைக்கிளின் மிதிப் பல்சக்கரத்துக்கு மிக அருகில், பற்களை நோக்கி, ஒரு மரத்தாங்கியில் அசையாமல் பொருத்த வேண்டும். கம்பியின் இரு முனைகளையும் மல்டிமீட்டரில் இணைத்து, மாறுமின்னோட்ட மில்லிவோல்ட் அளவில் வைத்து, மிதியைக் கையால் சுழற்றினால் முள்ளோ எண்ணோ அசையும். வேகமாகச் சுழற்றினால் அளவு கூடும். முதலில் ஓர் அஞ்சலட்டை நுழையும் அளவுக்கு இடைவெளி விட்டு அளந்து, பின்னர் இரண்டு, நான்கு, எட்டு அட்டைகள் நுழையும் அளவுக்கு விலக்கி, ஒரே வேகத்தில் சுழற்றி அளந்தால், குறிப்பு எவ்வளவு விரைவாகத் தேய்கிறது என்பதை மாணவர்கள் கோட்டுப்படமாக வரைந்து காணலாம்.

பழைய சைக்கிளில் மிதிப் பல்சக்கரம் சற்றுக் கோணலாகவே சுழலும். அதனால் ஒவ்வொரு சுற்றிலும் அளவு ஏறி இறங்குவதைக் காணலாம். இதைக் குறையென்று கருதித் திருத்த வேண்டியதில்லை. பேரிங் தளர்ந்த சக்கரத்தில் நேர்வதும் இதுவேயாதலால், பாடத்துக்கு இது துணையே செய்யும்.

அரைப் பழுதின் அபாயம்

உணர்கருவியின் கம்பி அறுந்துபோனால் என்ன ஆகும்? இன்ஜினைக் கிளப்பும் சாவியைத் திருப்பியவுடனே கட்டுப்பாட்டுப் பெட்டி ஒவ்வொரு சுருளின் மின்தடையையும் சோதிக்கிறது. இத்தடை பெரும்பாலான வண்டிகளில் 1000 முதல் 2500 ஓம் வரை இருக்கும். கம்பி அறுந்திருந்தால் தடை எல்லையற்றதாகும். பெட்டி அதை உணர்ந்து, மஞ்சள் விளக்கை ஏற்றிவிட்டு, ஏ.பி.எஸ்.ஸை முழுமையாக நிறுத்திவிடும். ஓட்டுநரிடம் எஞ்சுவது சாதாரண பிரேக். 1980-க்கு முன்னர் உலகெங்கும் பெரும்பாலான வண்டிகள் அதைக் கொண்டே ஓடின. அவசரத்தில் அழுத்தி மிதித்தால் சக்கரம் பூட்டிக்கொள்ளக்கூடும் என்பதை விளக்கு முன்கூட்டியே சொல்லிவிடுகிறது.

கருவி பாதி கெட்ட நிலை இத்தகையதன்று. சுருள் நன்றாக இருக்கிறது. தடையும் சரியாக இருக்கிறது. ஆகவே தொடக்கச் சோதனையில் அது தேறிவிடுகிறது. வண்டி வேகமாகச் செல்லும்போது, இடைவெளி அதிகமாயினும், பெட்டிக்குப் போதுமான குறிப்பு கிடைக்கிறது. வேகம் தணியத் தணியக் குறிப்பு மெலிகிறது. நல்ல நிலையில் மணிக்கு 5 கிலோமீட்டரில் மறைய வேண்டிய குறிப்பு, வலிமை பாதியானதால் 10 கிலோமீட்டரிலேயே மறைந்துவிடுகிறது. அந்த வேகத்தில் பெட்டி இன்னும் ஓய்வு கொள்ளவில்லை. மூன்று சக்கரங்கள் 10 கிலோமீட்டர் என்று அறிவிக்க, நான்காவது சக்கரம் சுழியம் என்று அறிவிப்பதாகப் பெட்டி எடுத்துக்கொள்கிறது. அதன் அறிவுக்கு எட்டிய வரையில் அச்சக்கரம் பூட்டிக்கொண்டுவிட்டது. உடனே அது தன் கடமையைச் செய்கிறது: நன்றாக உருண்டுகொண்டிருக்கும் சக்கரத்தின் பிரேக்கைத் தளர்த்துகிறது.

மணிக்கு 10 கிலோமீட்டர் என்பது வினாடிக்கு 2.8 மீட்டர். அரை வினாடி பிரேக் தளர்ந்தால் வண்டி 1.4 மீட்டர் அதிகமாகச் செல்லும். முன்னே நிற்கும் வண்டியின் பின்புறத்துக்கும், சாலையைக் கடக்கும் பாதசாரிக்கும் இத்தூரம் போதும். இரண்டு டன்னுக்கு மேற்பட்ட எடையுள்ள வண்டியாயிற்றே! அழுத்தி மிதித்துப் பயனில்லை. மிதிக்கும் சக்கரத்துக்கும் இடையே உள்ள வழியை வால்வு அடைத்திருக்கிறது. எல்லாம் முடிந்தபின் வண்டி நின்றுவிடுவதால், பெட்டிக்குத் தான் தவறியதே தெரிவதில்லை. ஆகவேதான் விளக்கு எரிவதில்லை.

ஓட்டுநர்கள் இதைச் சொன்னால் பலர் நம்புவதில்லை. விளக்கு எரியவில்லை, பழுதுக் குறியீடும் பதிவாகவில்லை, பிரேக் பிடிக்கிறது, பின் என்ன குறை என்று கேட்டு அனுப்பிவிடுவது எளிது. மிதி துடித்தது எந்த வேகத்தில் என்று ஒரு கேள்வி கேட்டாலே உண்மை புலப்பட்டுவிடும்.

துரு செய்த வேலை

குளிர்நாடுகளில் சாலையில் பனிக்கட்டி உறையாதிருக்க உப்பைத் தூவுவது வழக்கம். உப்பு கரைந்த நீர் சுழியப் பாகைக்குக் கீழும் உறைவதில்லை. செறிந்த உப்புக்கரைசல் சுழியத்துக்குக் கீழ் 21 பாகை வரையிலும்கூட நீராகவே நிற்கும். அந்நீர் சக்கரங்களால் வாரியிறைக்கப்பட்டு, வண்டியின் அடிப்பாகமெங்கும் படிகிறது. உப்புநீர் மின்சாரத்தை நன்கு கடத்துவதால், இரும்பு துருப்பிடிக்கும் மின்வேதி வினை விரைவாகிறது. துரு, தான் தின்ற இரும்பைப்போல் இரண்டு மடங்குக்கும் மேற்பட்ட இடத்தை அடைத்துக்கொள்ளும் இயல்புடையது. இரண்டு உலோகப் பரப்புகளுக்கு இடையே அது வளர்ந்தால், ஆப்பு அடித்ததுபோல அவற்றைப் பிரிக்கும். கான்கிரீட்டுக்குள் கம்பி துருப்பிடித்துக் கூரையைப் பெயர்ப்பதும் இதே ஆற்றலால்தான்.

உணர்கருவி ஹப்பின்மேல் ஒரு திருகாணியால் பிணைக்கப்பட்டிருக்கும். கருவியின் அடிக்கும் ஹப்பின் பரப்புக்கும் இடையே உப்புநீர் கசிந்து துரு வளர்ந்தால், கருவி மெல்ல மெல்ல மேலெழும்புகிறது. ஒவ்வொரு குளிர்காலமும் சிறிது சிறிதாகச் சேர்ந்து, சில ஆண்டுகளில் அரை மில்லிமீட்டரை எட்டுவது அரிதன்று.

ஜெனரல் மோட்டார்ஸ் நிறுவனம் 2005-ஆம் ஆண்டில் ஏறத்தாழ 8 லட்சம் வண்டிகளை இக்காரணத்துக்காகவே திரும்ப அழைத்தது. 1999 முதல் 2002 வரையிலான மாடல்களைச் சேர்ந்த பிக்கப் லாரிகளும், டாஹோ, சபர்பன், யூகான் ஆகிய ஜீப் இன வண்டிகளும் இவற்றுள் அடங்கும். நாடு முழுவதிலும் உள்ள வண்டிகள் அழைக்கப்படவில்லை. சாலைக்கு மிகுதியாக உப்பிடும் வடகிழக்கு, மத்திய மேற்கு மாநிலங்களைச் சேர்ந்தவையே அழைக்கப்பட்டன. ஒரே தொழிற்சாலையில் ஒரே நாளில் உருவான இரு வண்டிகளுள் ஒன்று மிச்சிகனுக்கும் மற்றொன்று அரிசோனாவுக்கும் சென்றிருந்தால், முதலாவது மட்டுமே இக்கோளாற்றுக்கு இலக்காயிற்று என்பதை எண்ணிப் பார்க்கலாம். செய்யப்பட்ட சிகிச்சையும் எளியதே: கருவியைக் கழற்றி, அதன் இருக்கையைத் துருவின்றிச் சுத்தம் செய்து, துருத் தடுப்புப் பூச்சு பூசி, மீண்டும் பொருத்துதல். கருவி அளவுக்கு ஒத்துவராத வண்டிகளில் மட்டுமே அது மாற்றப்பட்டது.

இந்தியாவின் சமவெளிகளில் சாலைக்கு உப்பிடும் வழக்கம் இல்லை. எனினும் கடற்கரை மாவட்டங்களின் உப்புக்காற்றும், உப்பங்கழிகளையும் வெள்ளம் நின்ற சாலைகளையும் கடந்து செல்லும் வண்டிகளின் நிலையும் இதே வினைக்கு இடம் தருகின்றன. இங்கு 2018 ஏப்ரலில் புதிய கார் மாடல்களுக்கும், 2019 ஏப்ரலில் ஏனைய புதிய கார்களுக்கும் ஏ.பி.எஸ். கட்டாயமாக்கப்பட்டது. அவற்றுள் பல இப்போது முதுமையை அடையும் பருவத்தில் உள்ளன.

வேறு பழுதுகள்

துரு ஒன்றே காரணம் என்று முடிவு கட்டிவிடலாகாது. சில வண்டிகளில் பல்வளையம் அச்சுத்தண்டின்மேல் இறுக்கி ஏற்றப்பட்டிருக்கும். அதன் அடியில் துரு வளர்ந்தால் வளையம் பிளந்துவிடும். பிளவு உள்ள இடத்தில் பள்ளம் அகன்றிருப்பதால், சக்கரத்தின் ஒவ்வொரு சுற்றிலும் ஒரு துடிப்பு தாமதமாக வரும். பெட்டிக்கு அது சக்கரம் ஒருகணம் தயங்கியதாகத் தோன்றும். கருவியை எத்தனை முறை மாற்றினாலும் இது தீராது. வளையத்தை ஒரு முழுச் சுற்று சுழற்றிக் கண்ணால் பார்த்தவர்க்கே தெரியும்.

கருவி காந்தமாதலால், பிரேக் வட்டுகளிலிருந்து உதிரும் இரும்புத் தூளை ஈர்த்து முகப்பில் மீசைபோல் வளர்த்துக்கொள்ளும். துணியால் துடைத்தால் போதும். பேரிங் தளர்ந்து சக்கரம் ஆடினால் இடைவெளி நிலையாக நில்லாது. கருவியிலிருந்து உடலுக்குச் செல்லும் கம்பி, சக்கரம் மேலும் கீழும் ஆடுவதாலும் பக்கம் திரும்புவதாலும் நாள்தோறும் வளைந்து நிமிர்கிறது. உறை நன்றாக இருக்க உள்ளே செம்பு அறுந்து, ஸ்டியரிங்கை ஒரு பக்கம் ஒடிக்கும்போது மட்டும் இணைப்பு விடுபடுவதும் உண்டு. கனெக்டர்களுக்குள் நீர் புகுந்து பச்சைக் களிம்பு பிடிப்பது சேற்றில் ஓடும் வண்டிகளில் சாதாரணம்.

நான்கு சக்கரங்களும் ஒரே அளவு டயர் உடையவையாக இருக்க வேண்டும் என்பதும் இதனோடு சேர்ந்ததே. ஒரு டயர் மட்டும் விட்டத்தில் மாறுபட்டால், அதன் துடிப்புகள் எப்போதும் கூடியோ குறைந்தோ வரும். பின்னச்சில் இரு சக்கரங்களுக்கும் பொதுவாக டிஃபரென்ஷியல் பெட்டியில் ஒரே உணர்கருவி அமைந்த பழைய வண்டிகளும் உண்டு. நான்கு சக்கரங்களும் இன்ஜினோடு இணைக்கப்பட்டுச் செல்லும்போது சக்கரங்கள் ஒன்றையொன்று இழுப்பதால், எல்லாம் சேர்ந்தே வழுக்கக்கூடும். வேகங்களை ஒப்பிட்டு உண்மையை அறிய இயலாது. ஆகவே அத்தகைய வண்டிகள் சிலவற்றில் வண்டியின் வேகத்தணிவை நேராக அறியப் பாதரச ஸ்விட்ச் ஒன்றையும் வைத்தனர். எல்லாக் குற்றத்தையும் சக்கரத்தின் உணர்கருவி மேலேயே சுமத்தக்கூடாது என்பதற்காகவே இது இங்குக் குறிப்பிடப்படுகிறது.

கண்டறிதலும் திருத்துதலும்

முதற்படியாக, ஆளில்லாத மைதானத்தில் வண்டியை மணிக்கு 20 கிலோமீட்டர் வேகத்தில் செலுத்தி, மெதுவாக மிதித்து நிறுத்திப் பார்க்க வேண்டும். நிற்கும் தறுவாயில் மிதி துடித்தால், ஏ.பி.எஸ். ஃப்யூஸைக் கழற்றிவிட்டு மீண்டும் அவ்வாறே செய்ய வேண்டும். துடிப்பு மறைந்தால் குறை குறிப்பிலேயே உள்ளது என்று பெரும்பாலும் கொள்ளலாம். இது சோதனைக்கு மட்டுமே உரிய வழி. ஃப்யூஸைக் கழற்றிப் பெட்டியில் போட்டுவிட்டு வண்டியை மாதக்கணக்கில் ஓட்டும் பழக்கம் சில இடங்களில் காணப்படுகிறது. சில வண்டிகளில் பின்சக்கரங்களுக்குச் செல்லும் அழுத்தத்தை அளவிடுவதும் இதே பெட்டிதான். மஞ்சள் விளக்கோடு சிவப்பு பிரேக் விளக்கும் சேர்ந்து எரிந்தால், அந்த அளவீடும் நின்றுவிட்டது என்று பொருள்படலாம். பின்சக்கரங்கள் எளிதில் பூட்டிக்கொள்ளும். பிரேக் எண்ணெய் குறைந்தாலும் சிவப்பு விளக்கு எரியுமாதலால் அதையும் பார்த்துக்கொள்ள வேண்டும். எவ்வாறாயினும் அத்தகைய வண்டியை வெளியே எடுக்கலாகாது.

எந்தச் சக்கரம் என்பதை அறிய, சாவியைத் திருப்பாமல், மற்றச் சக்கரங்களுக்கு முட்டுக் கொடுத்து, வண்டியை ஜாக்கியால் தூக்கி, உறுதியான தாங்கிமேல் நிறுத்த வேண்டும். ஜாக்கியை மட்டும் நம்பிக் கீழே கைவிடுதல் கூடாது. கருவியின் கனெக்டரைப் பிரித்து, மல்டிமீட்டரை மாறுமின்னோட்ட வோல்ட் அளவில் வைத்து இணைத்து, சக்கரத்தை வினாடிக்கு ஒரு சுற்று வீதம் கையால் சுழற்ற வேண்டும். கிடைக்கும் அளவு வண்டிக்கு வண்டி மாறுபடுமாதலால், இடப்பக்கத்தையும் வலப்பக்கத்தையும் ஒப்பிடுவதே சிறந்த வழி. ஒரு பக்கம் மற்றதன் பாதியளவே காட்டினால் குற்றவாளி அகப்பட்டது. மின்தடையை மட்டும் அளந்து நிறைவுறுவது வீண். அரைப் பழுதில் தடை சரியாகவே இருக்கும் என்பது முன்னரே கூறப்பட்டது.

கருவியைக் கழற்றுவதில்தான் பொறுமை வேண்டும். அதன் உடல் பிளாஸ்டிக். துருவேறிய துளையில் இறுகியிருக்கும். நெம்பினால் ஒடிந்து பாதி உள்ளேயே நின்றுவிடும். துரு இளக்கும் எண்ணெயை ஊற்றி, ஓரிரவு விட்டு, மெல்லத் திருப்பி எடுப்பதே நல்லது. இருக்கையைக் கம்பித் தூரிகையாலும் உப்புத்தாளாலும் உலோகம் பளிச்சிடும்வரை தேய்த்து, துகள்கள் பேரிங்குக்குள் விழாதபடி துளையைத் துணியால் அடைத்துக்கொள்ள வேண்டும். அரத்தால் ராவி இருக்கையைத் தாழ்த்தக் கூடாது. அவ்வாறு செய்தால் கருவி பல்வளையத்தில் உரசி முதற் சுற்றிலேயே உடையும். துருத் தடுப்புப் பூச்சு இன்றிப் பொருத்தினால், வெற்று உலோகம் முன்னினும் வேகமாகத் துருவேறும். சக்கரம் ஆடினால் முதலில் பேரிங்கைத்தான் மாற்ற வேண்டும்.

பிற்காலத்து வண்டிகளில் வேறு வகைக் கருவிகள் வந்துவிட்டன. 1879-இல் ஹால் கண்டறிந்த விளைவையோ, காந்தப்புலத்தால் மின்தடை மாறும் இயல்பையோ ஆதாரமாகக் கொண்ட இவை, பெட்டியிலிருந்து மின்சாரம் பெற்று வேலை செய்கின்றன. இவற்றுள் மிகப் பரவலான வகை 7 மில்லிஆம்பியர், 14 மில்லிஆம்பியர் என இரண்டே நிலைகளில் மின்னோட்டத்தை மாற்றிக் குறிப்புத் தருகிறது. வேகம் குறைந்தாலும் குறிப்பு மெலிவதில்லை; நடைவேகத்திலும் தெளிவாக இருக்கும். ஆதலால் மேலே விவரித்த கோளாறு இவற்றில் மிகவும் குறைவு. ஆனால் இவற்றின் சுருள் தடையை அளக்க முயல்வது பொருளற்றது, ஏனெனில் சுருளே இல்லை. ஓம்மானியை இணைப்பதால் உள்ளிருக்கும் மின்னணுச் சில்லு பாழாகவும் கூடும். சோதிக்கப் புகுமுன் வண்டியில் இருப்பது எவ்வகை என்பதைக் கையேட்டில் பார்த்துக்கொள்ள வேண்டும்.

திருத்திய வண்டியை ஒப்படைக்குமுன் ஃப்யூஸ் மீண்டும் இடப்பட்டதா என்று பார்த்து, முன்னர் சொன்ன மைதானத்திலேயே பத்து முறையேனும் மெதுவாக நிறுத்திப் பார்க்க வேண்டும். ஒருமுறையும் மிதி துடிக்கலாகாது. அதன்பின், மணிக்கு 30 கிலோமீட்டர் வேகத்தில் ஒருமுறை பலமாக அழுத்தி மிதிக்க வேண்டும். இப்போது மிதி துடிக்க வேண்டும். டயரின் நீண்ட கறுப்புத் தடம் தரையில் விழக்கூடாது.